சாதனைப் பக்கத்தின் வினைமுற்றுகள்

இரட்டைப்படைப் பருவத்தின் கடைசி வேலைநாள் முடிந்துவிட்டது. அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஏற்றப்பட்டுவிட்டன; 75 விழுக்காட்டு வருகையை எட்டாத மாணவர்கள், அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளக் கட்டும் 'கான்டொனேஷன்' கட்டணத்தின் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலில் நிற்கிறார்கள்; திங்கட்கிழமை முதல் தேர்வுகள், அவற்றின் பின்னாலேயே விடைத்தாள் திருத்தும் முகாம். இவற்றுக்கு நடுவே எனக்கு மட்டும் வேறொரு வேலை மிச்சமிருந்தது. கல்லூரியின் பருவ இறுதிச் செய்திமடலைத் தொகுக்கும் பொறுப்பு ஆறாவது ஆண்டாக என் மேசைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. தமிழ்த்துறையில் இருப்பவருக்குப் பிழை திருத்தத் தெரியும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

விளையாட்டு விழா, நாட்டு நலப்பணித் திட்ட முகாம், வளாக நேர்காணல் ஆகிய பக்கங்கள் ஒரே மாலையில் முடிந்துவிடும். படமும் இரண்டு வரிக் குறிப்பும் போதும். நாள்கணக்கில் இழுப்பது 'ஆசிரியர் சாதனைகள்' என்ற பக்கம்தான். துறைகள் அனுப்பும் குறிப்புகளில் பெயரும் நாளும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறு இருந்தால் அது வினைச்சொல்லில்தான் இருக்கும் என்பதை இந்த ஆறு ஆண்டுகளில் கற்றுக்கொண்டேன்.

எடுத்துக்காட்டாக, இந்தப் பருவத்தில் 'காப்புரிமை பெற்றார்' என்று முடியும் நான்கு குறிப்புகள் வந்தன. நான்கு பேரிடமும் காப்புரிமை வழங்கப்பட்டதற்கான எண்ணைக் கேட்டேன். ஒருவரிடம் மட்டுமே இருந்தது. இரண்டு பேரிடம் இருந்தவை காப்புரிமை அலுவலக இதழில் விண்ணப்பம் வெளியானதைக் காட்டும் பக்கங்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம் தாக்கலாகி 18 மாதங்கள் கடந்ததும் பொதுவாக அது தானாகவே இதழில் வெளியாகும். கூடுதல் கட்டணம் செலுத்தி முன்கூட்டியே வெளியிடச் சொல்லவும் முடியும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடிப்பு புதியதுதானா என்று அலுவலகம் ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லியிருக்காது. ஆய்வுக்கெனத் தனியாக விண்ணப்பித்து, அவர்கள் எழுப்பும் ஆட்சேபங்களுக்கு விடையளித்து, அவையெல்லாம் ஏற்கப்பட்ட பிறகே காப்புரிமை வழங்கப்படும். அதன் காலம் தாக்கல் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். நான்காமவர் பெற்றிருந்ததோ காப்புரிமையே அன்று. ஒரு கருவியின் தோற்றத்துக்கான வடிவமைப்புப் பதிவு. அது வேறொரு சட்டத்தின்கீழ் வருவது. பொருளின் உருவத்தைக் காப்பது. அது எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாதது.

இளம் பேராசிரியர் ஒருவர், "அம்மா, வெளியானாலே கிடைத்த மாதிரிதானே, எல்லாக் கல்லூரியிலும் இப்படித்தான் போடுகிறார்கள்" என்றார். அவரிடம் இலக்கணம் பேச எனக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது. 'வெளியாகி' என்பது வினையெச்சம், தம்பி. அது தன்னை முடித்துவைக்கும் வினையைத் தேடிக்கொண்டு நிற்கிறது. 'பெற்றார்' என்பது வினைமுற்று. எச்சம் நிற்க வேண்டிய இடத்தில் முற்றை வைத்தால் அது எழுத்துப்பிழையைவிடப் பெரிய பிழை என்றேன். அவர் சிரித்துவிட்டு, 'காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளார்' என்று தம் கையாலேயே திருத்திக் கொடுத்தார். அந்த வரியை அவர் இனி எந்த நேர்காணலிலும் அச்சமின்றிக் காட்டலாம்.

இந்த அவசரத்துக்குக் காரணம் ஆசிரியர்களின் பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. பல்கலைக்கழக மானியக்குழு 2018-இல் வெளியிட்ட விதிமுறைகளில் ஆய்வு மதிப்பெண்களுக்கென ஓர் அட்டவணை இருக்கிறது. பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் அதன் நிழல் படியாத கோப்பு இல்லை. தகுதியான இதழில் வரும் கட்டுரைக்கு அறிவியல் துறையினருக்கு 8, மொழி, கலை, வணிகவியல் துறையினருக்கு 10. நெறியாளராக இருந்து முனைவர் பட்டம் பெற்றுக் கொடுத்தால் 10; ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்ட நிலையில் 5. (எச்சத்துக்கும் முற்றுக்கும் உள்ள வேறுபாட்டை அட்டவணை இந்த ஓரிடத்தில் என்னைவிட நன்றாகவே அறிந்திருக்கிறது.) உள்நாட்டில் நடக்கும் தேசியக் கருத்தரங்கில் அழைப்புரை ஆற்றினால் 3, பன்னாட்டுக் கருத்தரங்கில் ஆற்றினால் 5. இந்த இரண்டு மதிப்பெண் வேறுபாட்டை மனத்தில் வைத்துப் பார்த்தால், இணையவழிக் கூட்டங்கள் பெருகிய பிறகு மலேசியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஒருவர் அரைமணி நேரம் திரையில் தோன்றியதும் நம் கருத்தரங்குகள் பன்னாட்டுக் கருத்தரங்குகளாகிவிடும் விந்தை விளங்கும்.

கூட்டாக எழுதும் கட்டுரைகளின் கணக்கு இன்னும் சுவையானது. இருவர் சேர்ந்து எழுதினால் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண்ணில் 70 விழுக்காடு. இருவருக்கு மேற்பட்டால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. அதாவது, தனியாக எழுதினால் 10 பெறும் ஒரு வணிகவியல் கட்டுரை, இருவர் எழுதினால் மொத்தத்தில் 14 ஆகிறது. மூவர் எழுதினால் 13, ஐவர் எழுதினால் 19. கட்டுரையின் நீளம் என்னவோ அதேதான். இந்தப் பருவத்தில் ஒரே கட்டுரை வணிகவியல், பொருளியல், கணினி அறிவியல் என மூன்று துறைகளிலிருந்தும் தனித்தனிக் குறிப்பாக வந்து சேர்ந்தது. மூன்றிலும் 'எழுதினார்' என்றே இருந்தது. மூன்றையும் ஒரே வரியாக்கி, பலர்பால் முற்றாக 'எழுதினர்' என்று முடித்தேன். துறைகளின் சாதனைக் கணக்கில் இரண்டு குறைந்ததாக ஒரு துறைத்தலைவருக்கு என்மேல் இன்னும் வருத்தம்.

கட்டுரை வந்த இதழ் தகுதியானதா என்று பார்ப்பது முன்பு எளிது. ஏற்கத்தக்க ஆய்விதழ்களுக்கென மானியக்குழு வைத்திருந்த 'கேர்' பட்டியலில் பெயரைத் தேடினால் முடிந்தது. அந்தப் பட்டியல் கைவிடப்பட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களிடமே விடப்பட்டிருக்கிறது. பட்டியலில் குறைகள் இருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழாய்விதழ்கள் சில அதில் நுழையவே பாடுபட்டன. ஆனாலும் ஒரு செய்திமடல் தொகுப்பாளர் சக ஆசிரியரிடம் "உங்கள் இதழ் எப்படிப்பட்டது?" என்று நேருக்கு நேர் கேட்பதைவிட, "பட்டியலில் இல்லையே, ஐயா" என்று சொல்வது எவ்வளவோ எளிதாக இருந்தது. இப்போது நான் கேட்பவை இரண்டே கேள்விகள்: கட்டுரையை மதிப்பிட்டவர் ஏதேனும் திருத்தம் சொன்னாரா, வெளியிடப் பணம் கேட்டார்களா. விடை வரத் தாமதமானால் குறிப்பும் செய்திமடலின் அடுத்த இதழுக்குத் தாமதமாகிறது.

நெருடலே இல்லாத குறிப்புகளும் உண்டு. ஐ.ஐ.டி.கள் இணையவழியில் நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்புகளில் வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 என்பது கணக்கு. 90-ஐ எட்டினால்தான் சான்றிதழில் தங்கம் என்று வரும். இயற்பியல் துறையின் மூத்த பேராசிரியை ஒருவர், ஓய்வுபெற ஓராண்டே இருக்கும் நிலையில், தம் மாணவிகளோடு ஒரே மையத்துக்குப் போய்த் தேர்வெழுதி 92 வாங்கியிருக்கிறார். 'தேர்ச்சி பெற்றார்' என்று அவர் எழுதி அனுப்பியதை மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை. மதிப்பெண்ணை மட்டும் நான் சேர்த்தேன். அவர் அதைக் குறிப்பிடாமலே விட்டிருந்தார்.

என் துறையைச் சேர்ந்த தோழி ஒருவரின் குறிப்புதான் கடைசியாக வந்தது. நான்கு ஆண்டுகளாக ஒரு மலையாள நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். நானூறு பக்கங்களுக்கு மேல். நூல் இந்தப் பருவத்தில் அச்சாகிவிட்டது. அட்டவணையில் ஒரு நூலின் மொழிபெயர்ப்புக்கு 8 மதிப்பெண். எட்டுப் பக்கக் கட்டுரைக்கோ 10. வேற்றுமொழிச் சொல்லொன்றுக்கு நிகரான தமிழ்ச் சொல்லைத் தேடி அவர் ஒரு வாரம் அலைந்ததை அருகிலிருந்து பார்த்தவள் நான். அதனால் இந்த வரிசை எனக்கு ஒருநாளும் செரித்ததில்லை. அவர் அனுப்பிய குறிப்பு ஒரே வரி: 'மொழிபெயர்த்தார்.' ஒற்றெழுத்துக்கூடப் பிசகாத வினைமுற்று.

சாதனைப் பக்கத்தில் குறிப்புகளைப் பணிமூப்பு வரிசையில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். இம்முறை அந்த நூலின் குறிப்பை முதலில் வைத்தேன். முதல்வர் மெய்ப்பைப் புரட்டிப் பார்த்து, வரிசை மாறியிருக்கிறதே என்று கேட்டார். அகரவரிசை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது பொய்யாகியிருக்கும். நூலைப் படித்தேன், அதனால் வைத்தேன் என்றேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டுக் கையெழுத்திட்டார்; நூலின் ஒரு படியைத் தமக்கு அனுப்பச் சொன்னார்.

கோப்பு நேற்று மாலை அச்சகத்துக்குப் போய்விட்டது. திருத்தும் முகாமுக்கான ஆணை இன்று காலை வந்தது.