பூனைக் கண்காட்சிகள்: போய்ப் பார்த்ததில் இதுவரை

பூனைக் கண்காட்சிகளுக்கு விடாமல் போய்வரத் தொடங்கி ஓரளவு காலம் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் வெறும் பார்வையாளர். பிறகு ரிங்கில், அதாவது ஜட்ஜ் பூனைகளை மதிப்பிடும் இடத்தில், கூண்டு துடைக்கும் உதவியாள். கடைசியாக என் பூனையையே ஒருமுறை கொண்டுபோய் நிறுத்தினேன். இத்தனைக்குப் பிறகும் வம்சாவளிப் பூனைகளைப் போட்டிக்கு நிறுத்துவது பற்றி எனக்கு இரண்டு மனதுதான். கண்காட்சி அரங்கம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அங்கே பரிசு வாங்கும் சில உடல்களைப் பார்க்கும்போது மட்டும் மனசு ஒப்பவில்லை.

நான் போனவை எல்லாம் சி.எஃப்.ஏ. எனப்படும் கேட் ஃபேன்சியர்ஸ் அசோசியேஷன் என்ற அமெரிக்க அமைப்பின் பாணியில் நடப்பவை. போகாதவர்களுக்காக அது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரே அரங்கில் பல ரிங்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜட்ஜ், ஒரு மேஜை, பின்னால் வரிசையாக எண் போட்ட கூண்டுகள். ஒலிபெருக்கியில் எண்ணைக் கூப்பிட்டதும் உரிமையாளர் பூனையைக் கொண்டுவந்து அந்தக் கூண்டில் விட்டுவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். ஜட்ஜ் ஒவ்வொரு பூனையாக மேஜைக்கு எடுப்பார், தடவிப் பார்ப்பார், கூண்டில் திரும்ப விடுவார், கையையும் மேஜையையும் கிருமிநாசினியால் துடைப்பார், அடுத்ததை எடுப்பார். அரங்கம் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு ரிங்கும் தனிப் போட்டி. காலையில் ஒரு ஜட்ஜிடம் இனத்தின் முதலிடத்துக்கான பழுப்பு ரிப்பன் வாங்கிய பூனை, மத்தியானம் இன்னொருவரிடம் இறுதிச் சுற்றுக்கே வராமல் போகலாம். முதலில் இது எனக்குக் குழப்பமாக இருந்தது. இப்போது இந்த முறையில் எனக்குப் பிடித்ததே அதுதான். ஒருவர் கண்ணுக்குப் பட்டதே முடிவு என்று ஆகிவிடுவதில்லை.

பார்வையாளராகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அரங்கைச் சுற்றி வந்து போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். நிறையப் பேசும் ஜட்ஜ் ஒருவரைக் கண்டுபிடித்து அவர் ரிங் முன்னால் அரை நாள் உட்காருங்கள். அபிசீனியன் பூனையின் முடியை விரலால் பிரித்து, ஒரே இழையில் வெளிர் நிறமும் அடர் நிறமும் பட்டை பட்டையாக மாறி வருவதைக் காட்டுவார்கள். ரஷ்யன் புளூவின் முடியை ஊதிவிட்டு, நுனியில் உள்ள வெள்ளிப் பூச்சு வெளிச்சத்தில் மின்னுவதைக் காட்டுவார்கள். சயாமீஸை இரண்டு கைகளிலும் நீட்டிப் பிடிக்கும்போது அது எவ்வளவு நீளம், எவ்வளவு கெட்டியான தசை என்று தெரியும். வாலை அடியிலிருந்து நுனிவரை விரலால் நீவி, எலும்பில் எங்காவது முடிச்சு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத முடிச்சும் விரலுக்குத் தெரிந்துவிடும். பல வருஷம் ஆயிரக்கணக்கான பூனைகளைத் தொட்ட கை அது. மிரண்டுபோன குட்டிகூட அந்தக் கையில் அடங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பூனையை எப்படித் தூக்க வேண்டும் என்று நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டதே ரிங் பக்கத்தில்தான்.

பிரிட்டனில் பூனை இனங்களைப் பதிவு செய்யும் ஜி.சி.சி.எஃப். அமைப்பின் பாரம்பரிய முறை வேறு மாதிரி. பூனைகள் அவற்றின் கூண்டிலேயே இருக்கும், ஜட்ஜ் தேடி வருவார். யாருடைய பூனை என்று தெரியக் கூடாது என்பதற்காக விரிப்பும் மலத்தட்டும் எல்லாருக்கும் வெள்ளைதான். வாசலிலேயே கால்நடை மருத்துவர் ஒவ்வொரு பூனையையும் சோதித்துத்தான் உள்ளே விடுவது அங்கே பாரம்பரிய வழக்கம். இந்த மருத்துவர் சோதனை எல்லா இடத்திலும் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த இரண்டு மனது எனக்கு மட்டும் வந்ததில்லை என்று பழைய வரலாறு படித்தபோது தெரிந்தது. 1871 ஜூலையில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பெரிய கண்காட்சியைத்தான் இன்றைய பூனைக் கண்காட்சிகளுக்கெல்லாம் தொடக்கம் என்று சொல்வார்கள். அதை ஏற்பாடு செய்தவர் ஓவியர் ஹாரிசன் வேர். எலி பிடிக்கத்தான் பூனை என்று அலட்சியமாக இருந்த காலத்தில், நன்றாகப் பராமரித்த பூனை எவ்வளவு அழகு என்று ஜனங்கள் பார்த்தால் அதை நடத்தும் விதமே மாறும் என்று அவர் நினைத்தார். 1887-ல் உருவான நேஷனல் கேட் கிளப்புக்கு முதல் தலைவரும் அவரே. பிறகு அதிலிருந்து விலகிவிட்டார். உறுப்பினர்கள் பலருக்குப் பூனைகளின் நலத்தைவிடப் பரிசுதான் முக்கியமாகப் போய்விட்டது என்பது அவருடைய வருத்தம். ஆரம்பித்தவருக்கே வந்த வருத்தம் இது.

அவர் வருத்தம் இன்றைக்கும் பொருந்துகிறதா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் இனங்களின் தர வரையறைகளை, அதாவது ஒவ்வொரு இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று அமைப்புகள் எழுதி வைத்திருப்பதை, உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு இனத்துக்கும் மொத்தம் நூறு புள்ளிகள். சி.எஃப்.ஏ.வின் பெர்ஷியன் வரையறையில் தலைக்கு 30, உடல் அமைப்புக்கு 20, முடிக்கு 10, நிறத்துக்கு 20, கண் நிறத்துக்கு 10, சமநிலைக்கும் நயத்துக்கும் ஐந்தைந்து. மூச்சு சிரமமில்லாமல் வருகிறதா என்பதற்கு இதில் தனிப் புள்ளி இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் நெற்றி, மூக்கு, தாடை மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும் என்கிறது அந்த வரையறை. அதே பெர்ஷியனுக்கு ஜி.சி.சி.எஃப். ஒரு எல்லை வைத்திருக்கிறது: மூக்கின் மேல் விளிம்பு கண்ணின் கீழ் விளிம்புக்கு மேலே போகக் கூடாது.

ஒரே இனத்துக்கு இரண்டு அமைப்புகள் எழுதிய வரிகள் இவை. எந்த வரியை வைத்துப் பரிசு கொடுக்கிறார்களோ அதற்கேற்ற முகம் சில தலைமுறைகளில் வந்துவிடும். மூக்கு மேலே ஏற ஏற, கண்ணீர் வடியும் குழாய் உள்ளே மடங்கிப்போகிறது. கண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் கன்னத்தில் வழிந்து பழுப்புக் கறையாகிறது. மூக்குத் துளை குறுகி மூச்சு இரைகிறது. பற்களுக்கு இடமில்லாமல் தாறுமாறாக முளைக்கின்றன. பெர்ஷியன் உரிமையாளர்கள் ரிங்குக்குப் போகுமுன் ஈரப் பஞ்சால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பதை எல்லாக் கண்காட்சியிலும் பார்க்கலாம். அத்தனை அன்பாகத்தான் துடைக்கிறார்கள். துடைக்கத் தேவையில்லாத முகத்துக்குப் பரிசு கொடுத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

ஸ்காட்டிஷ் ஃபோல்ட் விஷயத்தில் எனக்கு இரண்டு மனதுகூட இல்லை. 1961-ல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் காது மடிந்து காணப்பட்ட சூசி என்ற பூனையிலிருந்து வந்த இனம் அது. காதை மடக்குவது குருத்தெலும்பைப் பாதிக்கும் ஒரு மரபணு மாற்றம். டி.ஆர்.பி.வி.4 என்ற மரபணுவில் அது இருப்பதை 2016-ல் கண்டறிந்தார்கள். குருத்தெலும்பு காதில் மட்டும் இல்லையே! கால் மூட்டு, வால் மூட்டு எல்லாவற்றையும் அது தாக்கும். மடிகாதையும் நேர்காதையும் இணைத்தால் ஆபத்தில்லை என்று ஃபோல்ட் வளர்ப்பவர் ஒருவர் என்னிடம் பொறுமையாக விளக்கினார். தாய், தந்தை இரண்டு பக்கமும் அந்த மரபணு மாற்றம் வந்தால் ரொம்பக் கடுமையாகத் தாக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் வந்த பூனைக்கும் மூட்டு கெடுகிறது, சிலவற்றுக்கு இளவயதிலேயே. ஜி.சி.சி.எஃப். 1970-களின் தொடக்கத்திலேயே பதிவை நிறுத்திவிட்டது. நெதர்லாந்தில் இந்தப் பூனைகளை இனப்பெருக்கம் செய்யவே தடை. சி.எஃப்.ஏ.வோ 1978-ல் சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடும் தகுதி கொடுத்தது, இன்றும் அது நிற்கிறது. ஃபோல்ட் வகுப்பு நடக்கும்போது நான் அந்த ரிங்கிலிருந்து எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறேன்.

அப்படியானால் வம்சாவளி வளர்ப்பே வேண்டாமா என்று கேட்டால், அதற்கும் என்னால் சரி சொல்ல முடியவில்லை. காரணம், அதே அரங்கில் நான் சந்தித்த வேறு சிலர்.

மெயின் கூன் வளர்க்கும் ஒரு அம்மா கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பு வைத்திருந்தார். உள்ளே அவருடைய பூனைகளின் இதய எக்கோ அறிக்கைகள், வருஷவாரியாக. இதயத் தசை தடித்துப்போகும் எச்.சி.எம். என்ற நோய் இந்த இனத்தில் உண்டு. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்றை 2005-ல் மெயின் கூனில் கண்டுபிடித்தார்கள். 2007-ல் ராக்டால் என்ற இனத்தில் அதே மரபணுவில் வேறொரு மாற்றம் கிடைத்தது. மரபணுச் சோதனையில் இல்லை என்று வந்துவிட்டால் போதுமே, எக்கோ எதற்கு என்று கேட்டேன். "அது ஒரு காரணத்தைத்தாங்க காட்டும். நோய் வேற வழியாவும் வரும். அதனால வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணித்தான் ஆகணும்" என்றார். ஒரு அறிக்கையில் சந்தேகம் வந்ததும், ரிப்பன் குவித்துக்கொண்டிருந்த தன் ஆண் பூனையைக் கருத்தடை செய்து வீட்டோடு வைத்துக்கொண்டிருக்கிறார். சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்தது, தயக்கம் இல்லை.

பெர்ஷியன் வளர்ப்பவர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பி.கே.டி. நோய், பல நாடுகளில் சோதித்தபோது பெர்ஷியன்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இருந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்கிற வகை. 2004-லிருந்து மரபணுச் சோதனை இருக்கிறது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்து அனுப்பினால் போதும். இதை எல்லாரும் செய்தால் அந்த நோயை ஒரு இனத்திலிருந்து முழுதாக வெளியேற்றிவிட முடியும். யாருடைய அப்பா, யாருடைய பாட்டி என்று தலைமுறை தலைமுறையாகப் பதிவேடு வைத்திருப்பதால்தான் நோய் எந்தக் கிளையில் வருகிறது என்று பிடிக்கவும் முடிகிறது.

மெயின் கூன் 1950-களில் அழிந்துவிட்டதாகவே ஒருமுறை சொல்லப்பட்ட இனம். ஆர்வலர்கள் கிளப் வைத்துக் கண்காட்சி நடத்தித்தான் அதை மீட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிர்மன் இனமும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்து, ஆர்வலர்கள் வளர்த்துத்தான் மீண்டது. மீட்டதற்கு விலையும் உண்டு, சில பூனைகளிலிருந்து பெருக்கினால் மரபணு வகைகள் குறையும். இருந்தாலும் பிர்மனின் அந்த நீலக்கண்ணும் வெள்ளைப் பாதமும் இல்லாமல் போயிருக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

சரி, என் முத்து விஷயம். அவன் எந்த இனமும் இல்லாத வரிப் பூனை. வீட்டுப் பூனைகளுக்கென்று தனி வகுப்பு இருக்கிறது. அதில் தர வரையறை கிடையாது. உடல்நிலை, சுத்தம், அழகு, பழகும் குணம் இவ்வளவுதான் பார்ப்பார்கள். வளர்ந்த பூனை என்றால் கருத்தடை செய்திருக்க வேண்டும், நான்கு கால் நகமும் வெட்டியிருக்க வேண்டும். எனக்கு இந்த வகுப்பின் மேல் தனி மரியாதை. முகம் எத்தனை தட்டை என்று அங்கே யாரும் அளப்பதில்லை. அவனைத் தூக்கிப்போகும் பெட்டியைப் பல வாரம் வீட்டில் திறந்தே வைத்து, அதற்குள்ளேயே தூங்கப் பழக்கினேன். குளிப்பாட்டி, காது துடைத்து, தடுப்பூசிச் சீட்டோடு கூட்டிப்போனேன். முதல் ரிங்குகளில் இறகுக் குச்சியைத் துரத்தி விளையாடினான். ஜட்ஜ் அவன் தோள்பட்டையைத் தட்டி, நல்ல தசை, நல்ல பளபளப்பு என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு அவன் கூண்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டான். காது படிந்து, கண்மணி விரிந்து, பாதம் ஈரமாகிவிட்டது. பூனைக்குப் பயத்தில் உள்ளங்கால் வியர்க்கும். கடைசி ரிங்குக்குப் பெயரை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அதே நேரம் இரண்டு கூண்டு தள்ளி ஒரு மெயின் கூன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாப் பூனையும் அங்கே துன்பப்படுகிறது என்பதும் உண்மையில்லை. குட்டிக்கு மனிதர்களோடு பழகும் பருவம் சுமார் இரண்டு முதல் ஏழு வாரம்வரை. அந்த வாரங்களிலேயே பல கைகளில் வளர்ந்த குட்டிக்கு அரங்கம் இன்னொரு அறை மாதிரிதான். முத்து தெருவிலிருந்து வளர்ந்த பிறகு வந்தவன். அவனை இனிக் கூட்டிப்போக மாட்டேன்.

நான் போவதை நிறுத்தப்போவதில்லை. அடுத்த கண்காட்சிக்கும் ரிங் உதவிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. வளர்ப்பவர்களிடம் முன்பு முடியின் நிறம் பற்றிக் கேட்பேன், இப்போது சோதனை அறிக்கை கேட்கிறேன். அறிக்கை வைத்திருப்பவர்கள் சந்தோஷமாக எடுத்துக் காட்டுகிறார்கள். இந்த முறை பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் பக்கம் போகவேண்டும். அந்த இனத்தில் பி வகை இரத்தம் அதிகம். தாய் பி வகையாக இருந்து குட்டி ஏ வகையானால், பிறந்த முதல் நாள் தாய்ப்பாலே குட்டியைக் கொன்றுவிடலாம். இணை சேர்க்குமுன் யார் யார் இரத்த வகை பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அதை அடுத்து எழுதுகிறேன்.