33 இன்னிங்ஸ்

சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் ஒரு சமயம் எங்கள் குழுவுக்கு பேஸ்பால் ஸ்கோர் பதிவு செய்யும் மென்பொருள் வந்தது. கிரிக்கெட்டில் ஊறிய எங்களுக்குப் புது உலகம். ஒரு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ் (ஒவ்வொன்றிலும் இரு அணியும் ஒருமுறை பேட் செய்யும்), அதுவும் சமமாக முடிந்தால் யாராவது ஜெயிக்கும்வரை கூடுதல் இன்னிங்ஸ். சரி, எதுவரை கூடும்? டெஸ்டருக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான்.

அந்தக் கேள்வியோடு தேடிப்போனபோது கிடைத்தது, 1981 ஏப்ரல் 18 இரவு அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், மெக்காய் ஸ்டேடியத்தில் தொடங்கிய ஆட்டம். பட்டக்கெட் ரெட் சாக்ஸ், ராசெஸ்டர் ரெட் விங்ஸ். இரண்டுமே அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருந்த அணிகள். தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் இன்றுவரை இல்லை. மென்பொருளைச் சோதிக்க உள்ளிடும் டெஸ்ட் டேட்டாவாக இதையே எடுத்துக்கொண்டோம்.

ராசெஸ்டருக்கு 7-வது இன்னிங்ஸில் ஒரு ரன். பட்டக்கெட் 9-வதில் சமன் செய்தது. அப்புறம் கட்டம் கட்டமாக பூஜ்யம்தான். பக்கத்து சீட்டில் இருந்த ஜூனியர் பெண் திரையை எட்டிப் பார்த்து, "அக்கா, டம்மி டேட்டாவா போடுறீங்க?" என்றாள். நிஜமாக நடந்தது என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

21-வதில் ராசெஸ்டர் முந்தியது. வேட் பாக்ஸ் அடித்த டபுளில் (அடித்தவர் பாதிச் சுற்று ஓடிவிடும் அடி) பட்டக்கெட் மறுபடி சமன் செய்தது. சொந்த அணிக்காரர்கள் தன்னைக் கட்டிப்பிடிப்பார்களா, அடிப்பார்களா என்றே தெரியவில்லை என்று அவர் பின்னாளில் சொன்னார். குளிர் அப்படி! உடைந்த மட்டைகளை எரித்துக் குளிர்காய்ந்தபடி ஆடினார்கள்.

நள்ளிரவு தாண்டியும் ஏன் நிறுத்தவில்லை? அந்த லீகில் குறிப்பிட்ட நேரத்துக்குமேல் புது இன்னிங்ஸ் தொடங்கக்கூடாது என்று விதி உண்டு. அந்த ஆண்டு அம்பயர்கள் கையிலிருந்த விதிப் புத்தகத்தில் அது மட்டும் விடுபட்டிருந்தது. லீக் தலைவர் ஹெரால்ட் கூப்பர் போனில் கிடைத்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. நடக்கிற இன்னிங்ஸோடு நிறுத்தச் சொன்னார். காலை 4:07-க்கு, 32 இன்னிங்ஸ் முடிந்து 2-2 என்ற நிலையில் ஆட்டம் நின்றது. மைதானத்தில் மிச்சமிருந்த ரசிகர்கள் 19 பேர்.

ஆவணத்தில் ஒரு வரி விட்டுப்போனால் களத்தில் நிற்பவர்கள் என்ன பாடு படுவார்கள் என்று எங்கள் தொழிலில் தினம் பார்க்கிறோம். அம்பயர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதாத விதியைத் தாங்களாக ஊகித்துக்கொள்ளாமல், லீக் தலைவர் சொன்னபிறகே ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

ஆனால் என்னை அசைத்தது ஜிம் அம்பார்கர் என்ற ராசெஸ்டர் பிட்சரின் (பந்து வீசுபவர்) ஸ்கோர் வரி. 23-வது இன்னிங்ஸில் பந்தைக் கையில் எடுத்தவர் 32-வது வரை 10 இன்னிங்ஸ் வீசி, ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஒரு முழு ஆட்டத்துக்கும் மேலான வேலை அது. விடியற்காலையில், கிட்டத்தட்ட காலி மைதானத்தில், கை விறைக்கும் குளிரில். அதை டைப் செய்தபோது நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே அணியின் டாலஸ் வில்லியம்ஸுக்கு 13 வாய்ப்பில் ஒரு ஹிட்கூட இல்லை. அத்தனை தடவை போய் நிற்பதும் லேசான காரியமில்லை.

மிச்சம் ஜூன் 23-ல் நடந்தது. மேஜர் லீக் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் நாட்டின் கவனமெல்லாம் இந்த ஆட்டத்தின்மேல். 18 நிமிடத்தில் முடிந்துவிட்டது. 33-வதில் டேவ் கோசா அடித்த சிங்கிளில் மார்ட்டி பாரெட் ஓடிவர, பட்டக்கெட் 3-2 என வென்றது. மொத்தம் 8 மணி 25 நிமிடம். அன்று எதிரெதிரே ஆடிய பாக்ஸும் கால் ரிப்கன் ஜூனியரும் பின்னால், பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். கோசா மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஜெயிக்கவைத்த அடி அவருடையது என்பதை ஜூனியரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

இப்போது கூடுதல் இன்னிங்ஸ் தொடங்கும்போதே இரண்டாவது பேஸில், அதாவது ரன்னுக்குப் பாதி வழியில், ஒரு ரன்னரை நிறுத்திவிடுகிறார்கள்; ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். அதனால், "இனிமேல் இப்படி நடக்காதே, இந்த டெஸ்ட் கேஸை எடுத்துவிடலாமா?" என்று ஒரு மீட்டிங்கில் பேச்சு வந்தது. பழைய ஆட்டங்களையும் இதே மென்பொருளில்தான் ஏற்றப்போகிறார்கள், இருக்கட்டும் என்றேன். ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்னும் இன்றும் அது ஓடுகிறது.