நிழலோடு ஒன்றைக் கூட்டினால் நிலவின் தூரம்

2025 செப்டம்பர் 7 இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தை, மொட்டை மாடியில் கடிகாரமும் குறிப்பேடுமாக அமர்ந்து பார்த்தேன். பூமியின் கருநிழல் நிலவின் விளிம்பைத் தொட்டபோது மணி 9.57, நிலவு முழுவதும் நிழலுக்குள் மறைந்தபோது 11.00, முதலில் நுழைந்த விளிம்பு மீண்டும் ஒளி பெற்றபோது 12.22. அதாவது, நிலவு தன் விட்டத்தளவு நகர 63 நிமிடங்களும், அதன் முன்விளிம்பு நிழலைக் கடந்து வெளிவர 145 நிமிடங்களும் ஆயின. ஆகவே நிழலின் அகலம் ஏறத்தாழ 2.3 நிலவுகள்.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் சாமோஸ் தீவின் கிரேக்க வானியலாளர் அரிஸ்டார்கஸ் இதை இரண்டு நிலவுகள் என்று கொண்டார். பின்வந்த ஹிப்பார்கஸ் இரண்டரை என்றார்.

ஆனால் நிழலின் அகலம் பூமியின் அகலம் ஆகாது. சூரியன் பூமியைவிடப் பெரியது என்பதால் நிழல் கூம்பாகக் குறுகிக்கொண்டே செல்கிறது. எவ்வளவு குறுகுகிறது என்பதற்குச் சூரிய கிரகணமே விடை தருகிறது: நிலவின் நிழல் நம்மை வந்தடையும்போது கிட்டத்தட்ட ஒரு புள்ளியாகிவிடுகிறது, அதாவது இந்தத் தூரத்தில் அது ஒரு நிலவு அகலத்தை இழக்கிறது. அதே சூரிய ஒளியில் பூமியின் நிழலும் அதே வீதத்தில்தான் குறுகும் என்பதால், நிலவை எட்டுவதற்குள் அதுவும் ஒரு நிலவு அகலத்தை இழந்திருக்கும். எனவே நிழலோடு ஒன்றைக் கூட்டினால் பூமியின் விட்டம் கிடைத்துவிடுகிறது. வானியலில் இதைவிட அழகான கூட்டல் எனக்குத் தெரியாது.

என் கணக்கில் பூமி 3.3 நிலவுகள். பூமியின் விட்டமான 12,742 கிலோமீட்டரை அதனால் வகுத்தால் நிலவின் விட்டம் சுமார் 3,860 கி.மீ. ஒரு சென்டிமீட்டர் பொத்தானைக் கண்ணிலிருந்து 110 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் அது நிலவைச் சரியாக மறைக்கும். ஆகவே வடிவொத்த முக்கோணங்களின்படி நிலவும் தன் விட்டத்தைப்போல் 110 மடங்கு தொலைவில் இருக்க வேண்டும். விடை சுமார் 4,25,000 கி.மீ.; உண்மையான சராசரித் தூரம் 3,84,400 கி.மீ.

பிழை எங்கே என்று இரண்டு நாள் யோசித்தேன். அன்று நிலவு நிழலின் நடுவே செல்லாமல் சற்று விலகி ஒரு நாணாகவே அதை வெட்டிச் சென்றது. விளிம்பில் சாய்வாக நுழைந்ததால் நுழைவுக்கும் கூடுதல் நேரம் பிடித்தது. நிழலின் முழு விட்டம் சுமார் 2.7 நிலவுகள். அதோடு ஒன்றைக் கூட்டி மீண்டும் கணக்கிட்டால் தூரம் 3,79,000 கி.மீ. என்று வருகிறது.