பழைய க்ரெய் மோந்தரோ தட்டு: கறை எடுத்துப் பார்த்தேன்

பிரான்சில் பழம்பொருள் சந்தைகளில் நீல வெள்ளைத் தட்டுகளுக்குக் குறைவில்லை. இந்த முறை எனக்குக் கிடைத்தது நீள்வட்டமான ஒரு பரிமாறும் தட்டு. அடியில் க்ரெய், மோந்தரோ என்ற இரண்டு பிரெஞ்சு ஊர்களின் மட்பாண்டத் தொழிற்சாலை முத்திரையும் எல்.எம். என்ற எழுத்துகளும் இருந்தன. அந்த இரண்டு ஊர்த் தொழிற்சாலைகளும் 1840-ல் ஒன்றான பிறகு, லபஃப், மிலியே கூட்டு நடத்திய காலத்துத் தட்டு.

படம் கையால் வரைந்ததல்ல, அச்சு. செப்புத் தகட்டில் செதுக்கியதை மெல்லிய தாளில் எடுத்து, ஒருமுறை சுட்ட தட்டின் மேல் ஒட்டித் தேய்ப்பார்கள். தாளைக் கழுவிவிட்டு, கண்ணாடி போன்ற மெருகு (கிளேஸ்) பூசி மறுபடி சுடுவார்கள். விளிம்பில் ஓரிடத்தில் பூங்கொடி பாதியில் அறுந்து, சம்பந்தமில்லாத இலையோடு போய்ச் சேர்கிறது. தாளின் இரண்டு முனைகளும் சந்தித்த இடம் அது. இந்தத் தட்டில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

நடுவில் மயிரிழை விரிசல்கள். அவற்றின் வழியாக எண்ணெய் இறங்கி, பழுப்புக் கறை. மெருகுக்கு அடியில் இருப்பது தண்ணீர் குடிக்கும் மண், அதனால் மேலே தேய்த்துப் பயனில்லை. வீட்டு பிளீச் வேண்டவே வேண்டாம். அதன் உப்பு உள்ளே தங்கி, காயும்போது படிகமாகி மெருகைப் பெயர்த்துவிடும்.

முதலில் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவிட்டேன். மண் ஏற்கெனவே நனைந்திருந்தால் கறை இன்னும் உள்ளே போகாது. அப்புறம் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் பஞ்சை நனைத்துக் கறைமேல் பரப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடினேன். பஞ்சு காயக் காய மாற்ற வேண்டும். எடுத்துக் காயவைத்தால் உள்ளிருக்கும் எண்ணெய் மேலே ஏறி, மஞ்சளாக மறுபடி தெரியும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், கறை வெளியே வருகிறது என்றுதான் அர்த்தம். திரும்பத் திரும்பச் செய்ததில் இப்போது விரிசல் ஓரமாக வெளிர் வைக்கோல் நிறம் மட்டும் மிச்சம். மெருகுக்கு அடியில் இருப்பதால் நீலம் துளியும் மங்கவில்லை.

பழைய மெருகில் ஈயம் இருக்கும். அதனால் புளிப்பான எதையும் இதில் பரிமாற மாட்டேன். தோலோடு ஆரஞ்சு அடுக்கி மேசையில் வைக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்தது மூடியுள்ள ஒரு சூப் பாத்திரம். பிடியில் பொன்பூச்சு இருக்கிறது, அதனால் அதற்கு பெராக்சைடு கிடையாது. மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும்தான்.