ரேடியேட்டருக்குள் காபி

மூடியைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் பால் காபி நிறத்தில் கொழகொழவென்று ஏதோ நிற்கிறது.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் எல்லாம் சுழல்கின்றன. அத்தனை காற்றிலும் என் லாரி மட்டும் சூடாகி நின்றுவிட்டது.

என்ஜினுக்குள் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றே நினைத்தேன். மேஸ்திரி ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். அதில் தண்ணீர் கலந்த அடையாளமே இல்லை.

“வண்டி ஓடும்போது தண்ணீரைவிட ஆயிலுக்குத்தான் அழுத்தம் அதிகம், தம்பி. நடுவில் ஓட்டை விழுந்தால் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். முதலில் ஆயிலைத் தண்ணீரால் குளிர்விக்கும் கூலரைக் கழற்றுவோம்.”

கூலரின் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் காற்றேற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்து மூட்டிலிருந்து கடுகளவுக் குமிழி ஒன்று. அதன் பின்னாலேயே இன்னொன்று.

பற்றவைக்கலாமா என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையிலேயே புதிது வாங்கச் சொல்லிவிட்டார்!

ஆயில் ஊறிய ஹோஸ்களும் உப்பி, பிசைந்த மாவுபோல் ஆகிவிட்டன. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது என்பதை ஒரு லாரி வந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ரேடியேட்டரை நான்கு முறை கழுவியாயிற்று. தண்ணீரின் மேல் இன்னும் வானவில் மிதக்கிறது.

நாளைய திருநெல்வேலி லோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.