தாத்தா போட்ட கொக்கி

போன வாரம் பின்னறைக்கு ஃபால்ஸ் சீலிங் போட ஆள் வந்தார். ஏணியைச் சாய்த்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தவர், "மேடம், அந்தக் கொக்கி இடிக்கும். தட்டி எடுத்துடறேன்" என்றார். "முடிஞ்சா எடுங்க" என்றேன். நான் சவால் விடவில்லை, தகவல்தான் சொன்னேன். அவர் சவாலாக எடுத்துக்கொண்டார்.

முதலில் சுத்தியல். பிறகு பெரிய சுத்தியல். பிறகு இரும்புக் குழாயை உள்ளே விட்டு நெம்பினார். குழாய் வளைந்தது. கடைசியில் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கித் தொங்கியே பார்த்துவிட்டார். ஏணி சரிந்ததுதான் மிச்சம். கீழே குதித்து, கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "இதை யாரு மேடம் போட்டது?"

என் தாத்தா.

கட்டிங் மெஷினுக்கு வீல் தீர்ந்துவிட்டது, போய் வாங்கி வருகிறேன் என்று அவர் கிளம்பியதும், நான் அலமாரியிலிருந்து தாத்தாவின் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

தாத்தா பாலம் கட்டும் பொறியாளர். வேலை பார்த்தது 34 ஆண்டு, ஓய்வில் இருந்தது 35 ஆண்டு. ஓய்வூதியக் கணக்குப் போட்டவர்கள் இப்படி ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். போன வருடம் 93 வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

கொக்கியின் கதை எனக்கு நான்கு வயதில் தொடங்குகிறது. அந்தப் பின்னறையைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஊஞ்சல் வேண்டும் என்று அழுதேன். சாதாரணத் தாத்தாவாக இருந்தால் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டிருப்பார். இவர் நோட்டை எடுத்தார். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, பென்சில் எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை.

"குழந்தை 14 கிலோ. இன்னும் இரண்டு பேரக்குழந்தைகள் கூட ஏறலாம். தடுக்கப் போய் நானும் பிடித்துத் தொங்க நேரலாம். மொத்தம் 100 கிலோ எனக் கொள்க."

அடுத்த வரியில் அதை மூன்றால் பெருக்கியிருக்கிறார். ஊஞ்சலைக் கிடைமட்டம் வரை உயர்த்தி விட்டால், அது கீழே வந்து கடக்கும் நொடியில் சங்கிலி தாங்க வேண்டியது எடையைப்போல் மூன்று மடங்கு. 300. அதற்கும் மேல் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி, அதாவது வரக்கூடிய பாரத்தைப்போல் எத்தனை மடங்கு தாங்க வேண்டும் என்ற பாதுகாப்புக் காரணி, நான்கு. ஆக 1,200 கிலோ. ஒரு கார். 14 கிலோ பேத்திக்காக 20 மி.மீ. கம்பியை வளைத்து, தளத்தின் உள்கம்பியோடு சேர்த்துக் கட்டி, அப்புறம்தான் கான்கிரீட் கொட்டச் சொன்னார்.

"குழந்தை என்ன லாரியிலயா ஏறி ஆடப்போறா?" என்று பாட்டி கேட்டாளாம். "நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?" என்றாராம் தாத்தா. லாரி வரும் வாய்ப்பையும் அவர் முழுக்க ஒதுக்கவில்லை.

சரி, கொக்கி போட்டாயிற்று, ஆடலாமா? கூடாது. கான்கிரீட் அதன் பலத்துக்கு வர 28 நாள். முட்டு பிரித்த பிறகும் எனக்கு அனுமதியில்லை. தினமும் காலையில் போய் நிற்பேன். "இன்னிக்கு ஏழாவது நாள் கண்ணு. மூணுல ரெண்டு பங்குதான் வந்திருக்கு" என்பார். நான்கு வயதுக் குழந்தையிடம்! தினமும் மாடியில் தளத்துக்குத் தண்ணீர் விடும்போது என் கையிலும் ஒரு சொம்பைக் கொடுப்பார். ஊஞ்சல் செடி மாதிரி வளரும் ஒன்று என்றே நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

இருபத்தொன்பதாம் நாள் டயர் ஊஞ்சல் வந்தது. முதலில் ஏறி ஆடியவர் தாத்தா. சோதனை ஓட்டமாம். அது அரை மணி நேரம் நடந்தது.

லீவுக்கு அத்தை பையன்கள் வந்ததும் யாருக்கு எவ்வளவு நேரம் என்று சண்டை. தாத்தா கடிகாரம் பார்க்கவில்லை. கொக்கியிலிருந்து உட்காருபவர் இடுப்பு வரை இரண்டேகால் மீட்டர் வருமாறு சங்கிலியைத் திருத்தினார். அந்த நீளத்துக்கு ஒருமுறை போய்த் திரும்ப மூன்று விநாடி. இருபது எண்ணினால் ஒரு நிமிடம், இறங்கு. குண்டாக இருந்தாலும் ஒல்லியாக இருந்தாலும் அதே மூன்று விநாடிதான் என்பதில் பெரியவனுக்குப் பயங்கர ஏமாற்றம். ஆனால் ரொம்ப உயர ஆடினால் ஒவ்வொரு சுற்றும் சற்றே நீளும் என்பதை அவன் எப்படியோ கண்டுபிடித்து, இருபதுக்குள் நாலு விநாடி திருடிவந்தான். தாத்தாவுக்கு அது தெரியும். பிடிபட்டவனை அவர் திட்டவில்லை, தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

எதையும் இரண்டு முறை சரிபார்ப்பார். பாக்கெட்டில் அடங்கும் அறிவியல் கால்குலேட்டர் 1972-லேயே வந்துவிட்டது. இவரோ கால்குலேட்டர் சொன்ன விடையை ஸ்லைடு ரூலில், அதாவது நகர்த்திக் கணக்குப் போடும் பழைய அளவுகோலில், வைத்துச் சரிபார்ப்பார், கால்குலேட்டர் பொய் சொல்லக்கூடும் என்பதுபோல. எனக்குக் கணக்குச் சொல்லித்தரும்போதும் அப்படித்தான். "உத்தேசமா எவ்வளவு வரும்? அதைச் சொல்லிட்டு அப்புறம் பேனாவை எடு."

என்னைப் பார்க்க ஒருமுறை விமானத்தில் வந்தார். பக்கத்து இருக்கைக்காரர் லேசாகப் பயந்திருக்கிறார். தைரியம் சொல்கிறேன் என்று தாத்தா, "பாலத்துக்கு நாங்க நிறைய விட்டு வைப்போம். விமானத்துக்கு ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி 1.5-தான். அந்த உச்ச பாரத்தை இறக்கை மூணு விநாடி தாங்கினாப் போதும்னு விதி" என்று விளக்கியிருக்கிறார். அது சோதனைக்கான விதி, பறக்கும்போது அவ்வளவு பாரம் வராது என்று சொல்வதற்குள் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டாராம். "பாவம், நல்லாத் தூங்கிட்டார்" என்றார் தாத்தா எங்களிடம்.

தொண்ணூறில் உடல் பரிசோதனைக்குப் போனபோது டாக்டருக்கே பாடம் எடுத்தார். இயந்திரங்கள் தொடக்கத்தில் நிறையப் பழுதாகும், நடுவில் குறைவு, தேய்ந்த பிறகு மறுபடி ஏறும், அதை வரைந்தால் குளியல்தொட்டி மாதிரி இருக்கும் என்று மருந்துச் சீட்டின் பின்புறம் படம் போட்டு, வலது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். "நான் இங்கே." டாக்டர் சீட்டைத் திருப்பிப் பார்த்து, அதே மாத்திரையை எழுதித்தந்தார்.

வீல் வாங்கப் போனவர் திரும்பி வந்தார். "கொக்கி இருக்கட்டும்" என்றேன். "ஓட்டை விட்டுப் பண்ணணும் மேடம், பார்க்க நல்லா இருக்காது" என்றார். நோட்டைக் காட்டினேன். கம்பி அளவு வந்த வரியில் விரலை வைத்து நின்றார். அப்புறம் பேசாமல் போய்க் கொக்கியைச் சுற்றி வட்டமாக வெட்ட அளவெடுத்தார். இரண்டு முறை அளந்தார்.

இப்போது அதில் ஒரு காகித விளக்கு தொங்குகிறது. 200 கிராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், பாதுகாப்புக் காரணி 6,000. தாத்தா இருந்தால் போதும் என்றிருப்பார். விளக்கை மாட்டுகிறவள் கால் தவறிப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு.