கொச்சிக்கடை அந்தோனியார் வாசலில்

தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோயிலுக்குப் போயிருந்தேன். செவ்வாய் அந்தோனியாருக்கு உரிய நாள். நெற்றியில் திருநீறோடு வந்தவர்கள், வெள்ளை உடுத்திய சிங்கள அம்மாமார், சீருடைப் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி வந்த தாய்மார் என்று வாசல் நிறைந்திருந்தது. இங்கே வருகிறவர்களிடம் எந்தச் சமயம் என்று யாரும் கேட்பதில்லை. எல்லார் கையிலும் ஒரு மெழுகுதிரி, இல்லையென்றால் ஒரு மாலை.

நேர்த்தி வைப்பதைக் கடவுளோடு பேரம் பேசுவது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைக்குச் சுகம் கேட்டு வருகிற தாய்க்கு வெறுங்கையோடு வந்து நிற்க மனம் வராது, அவ்வளவுதான். ஆனால் எதைக் கொடுப்பது என்பதை மட்டும் நாமே முடிவு செய்துகொண்டு வருகிறோம். அந்தோனியாரும் அப்படித்தான் புறப்பட்டார்.

1195இல் லிஸ்பனில் பிறந்தவர். முதலில் அகுஸ்தீனார் சபைத் துறவி. மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் சகோதரர்களின் உடல்கள் 1220இல் கொயிம்ப்ராவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, தானும் அவர்களைப் போல் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று ஏங்கி பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார், மொரோக்கோவுக்குக் கப்பலேறினார். போன இடத்தில் கடும் நோய். திரும்பும் வழியில் புயல் கப்பலைச் சிசிலியில் ஒதுக்கியது. 1221இல் அசிசியில் கூடிய சகோதரர்களில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. கடைசியில் ஃபோர்லி நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆசிரமம். பூசை வைப்பது, மிச்ச நேரத்தில் பாத்திரம் கழுவுவது, தரை கூட்டுவது. வேத நூலைக் கரைத்துக் குடித்தவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு குருப்பட்ட நிகழ்வில் பிரசங்கம் செய்ய ஆளில்லாமல் அவரை எழுப்பிவிட்டபோதுதான் உலகுக்கு அவர் யார் என்று தெரிந்தது. அன்று பிரசங்கித்த அந்த நாவின் சிறு பகுதி இன்று கொச்சிக்கடை வாசலில், அவருடைய சுரூபத்தோடு கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. மக்கள் கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டுப் போகிறார்கள். எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் அவர் பிரசங்கித்த நாட்களைவிடப் பாத்திரம் கழுவிய நாட்கள்தான் நினைவுக்கு வரும். அவர் உயிரையே கொடுக்கப் போனார். கடவுள் அதை அன்று கேட்கவில்லை. கடவுள் கேட்டதை அவர் கொடுத்தார்.

தமிழ்ப் பூசையில் காணிக்கை நேரம் வந்தது. குருவானவர் திராட்சை இரசத்தில் ஒரு துளி தண்ணீர் விடுவதைப் பலர் கவனிப்பதில்லை. அதற்குப் பிறகு அந்தத் துளியைப் பிரித்தெடுக்க முடியாது. இயேசு ஒரே தரம் தம்மையே பலியாக்கினார், அது போதும் என்று வேத நூலில் எபிரேயர் திருமுகம் சொல்கிறது. அப்படியென்றால் நம்முடைய ஒறுத்தலும் விரதமும் எதற்கு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அவருடைய பலியில் குறை எதுவும் இல்லை. அதில் கலந்துகொள்ள நமக்கு இடம் கொடுத்திருக்கிறார் என்பதே நான் கண்ட பதில். தவக்காலத்தில் மாமிசத்தை விட்டுவிட்டு, வீட்டு வேலைக்கு வருகிறவரின் சம்பளத்தை இழுத்தடித்தால் அந்த விரதத்தில் ஒன்றுமில்லை. பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்று இறைவாக்கினர் ஓசேயா சொன்னதை இயேசுவே எடுத்துச் சொன்னாரே.

இந்தக் கோயிலில் பலியைப் பற்றி எழுதும்போது 2019 ஏப்ரல் 21ஐத் தாண்டிப் போக முடியாது. உயிர்த்த ஞாயிறு காலைப் பூசையில் குண்டு வெடித்தது. இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்த இடத்தில் நின்றேன். அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களிடமிருந்து அது பறிக்கப்பட்டது. பறித்ததற்குப் புனிதப் பெயர் வைத்தால் நீதி கேட்கிற குரல் அடங்கிப்போகும். அந்தக் குரல் அடங்கக் கூடாது. அன்று அவர்கள் கொடுக்க வந்தது வேறு. அப்பத்தோடும் இரசத்தோடும் தங்கள் கவலையையும் நன்றியையும் வைக்க வந்திருந்தார்கள். அதை எந்தக் குண்டாலும் பறித்திருக்க முடியாது. கடற்படையினர் திருத்திக் கட்டிய கோயில் அதே ஆண்டு ஜூன் 12இல், திருவிழாவுக்கு முதல் நாள் திறக்கப்பட்டது. வீட்டில் ஆளை இழந்தவர்களும் இங்கே திரும்பி வந்தார்கள். அந்தக் காலடிகளைத்தான் நான் காணிக்கை என்பேன்.

எனக்கு ஒரு காலத்தில் கன்னியர் மடத்தில் சேர ஆசை. அம்மா படுக்கையில் விழுந்தார், போக முடியவில்லை. வருடக்கணக்கில் அதை இழப்பாகவே சுமந்தேன். இப்போது விடிய எழுந்து அம்மாவைக் கழுவித் துடைத்து, கஞ்சி ஊட்டும்போது, ஆண்டவரே, இதையும் சேர்த்துக்கொள்ளும் என்று சொல்கிறேன். சில நாள் சலிப்போடுதான் சொல்கிறேன். சலிப்பையும் சேர்த்தே கொடுக்கிறேன்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு வயதான அம்மா இரண்டு சோற்றுப் பார்சல்களோடு நின்றிருந்தார். தவக்காலத்தில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அதை வாசலில் இருப்பவர்களுக்குக் கொடுப்பாராம்.

"நேற்றே மீன் வாங்கி வைத்தேன் மகள். நாங்கள் சாப்பிடாததைக் கொடுக்கக் கூடாது, சாப்பிடுவதைத்தான் கொடுக்க வேண்டும்" என்றார்.

ஒரு பார்சலை என் கையில் தந்து, மதிலோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஐயாவைக் காட்டினார். "அவருக்கு முள் எடுத்துக் கொடுக்க வேணும். கண் சரியாகத் தெரியாது."